ரொயோட்டா கொரோலா 110: முன் சில்லு காத்துப் போட்டுது, ஒரு நட் கழருதில்லை

ஊரெழு_110

கார் 97ஆம் ஆண்டு கொரோலா 110, மனுவல் கியர், இரும்பு றிம், ரயர் 175/65 ஆர் 14. வாங்கி மூண்டு மாசம். காலமை பார்க்க முன் இடப்பக்கச் சில்லு றிம்மோட தரையில இருக்கு. கார் வீட்டு முற்றத்திலதான் நிக்குது. செம்மண், முந்தநாள் பெய்த மழையில இன்னும் ஈரம்.

மூண்டு நட் இளகிட்டுது. நாலாவது அசையுதில்லை. காரோட வந்த எல் வடிவ ஸ்பனர் அதில வழுக்கி, நட்டின்ர மூலையள் கொஞ்சம் மழுங்கிப் போச்சு. ஜக் வைக்கிற கீழ் விளிம்பும் துருப்பிடிச்ச மாதிரிக் கிடக்கு. டிக்கிக்குள்ள இருக்கிற ஸ்பெயார் சில்லு 13 அங்குலம். பார்க்க வேற காரின்ர றிம் போல இருக்கு.

ஜக் மண்ணுக்குள்ள தாழாமல் என்ன செய்யிறது? அந்த நட்டை எப்பிடிக் கழட்டுறது? உந்த ஸ்பெயாரைப் போட்டு ரயர் கடை மட்டும் ஓடலாமோ?


சில்லும்_நட்டும்

முதல் வேலை, இளக்கின மூண்டு நட்டையும் திரும்ப இறுக்குங்கோ. இப்ப முழுப் பாரமும் மழுங்கின ஒரு நட்டில நிக்குது. அது அப்பிடியே இருக்க நாலாவதோட மல்லுக்கட்டினால் ஸ்ரட், அதாவது நட் ஏறுற போல்ட், முறியும்.

இரண்டாவது, முற்றத்தில நிக்கிற காருக்கு உடன ஜக்கைத் தூக்காதேங்கோ. அயலில கால் பம்போ 12 வோல்ற் பம்போ இருந்தால் 35 பிஎஸ்ஐ அடிச்சுப் பாருங்கோ. ராத்திரி முழுக்க மெதுவாய் இறங்கின காத்து எண்டால் கடைக்குப் போய்ச் சேரக் காணும். கடையில நல்ல சொக்கெற்றும் (நட்டின்ர தலையை மூடிப் பிடிக்கிற குழல் ஸ்பனர்) தரையில ஓடுற பெரிய ஜக்கும் இருக்கு, நட்டையும் அவையே பார்ப்பினம். அடிக்கேக்க சவர்க்காரத் தண்ணியை ரயரின்ர ஓடுற முகத்திலயும், றிம் விளிம்பிலயும், வால்வின்ர அடியிலயும் ஊத்துங்கோ. குமிழி எங்க வருதோ அங்கதான் ஓட்டை. வால்வை விரலால மெல்லப் பக்கத்துக்கு வளைச்சும் பாருங்கோ. ரப்பர் வால்வு வெயிலில காய்ஞ்சு அடியில வெடிக்கும். நேர நிக்கேக்க காத்துப் பிடிக்கும், வளைச்சால் சீறும். ரயர் மாத்தேக்க வால்வை மாத்தாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

றிம் மண்ணில இருந்தபடியே காத்தடிச்சால் சிலநேரம் ரயர் றிம்மோட பொருந்தாமல் காத்து சும்மா வெளியால போகும். ஜக்கில கொஞ்சம் தூக்கிப் போட்டு அடிச்சால் பொருந்தும்.


ஊரெழு_110

நட்டுகளை இறுக்கிப் போட்டன். காத்து அடிச்சுப் பார்த்தாச்சு. 15 தாண்டேல்லை. ஓடுற முகத்தில, நடுவில இருந்து ஒரு நாலு விரல் தள்ளி ஒரு ஆணித் தலை தெரியுது. அதைச் சுத்திச் சீறுது. சில்லைக் கழட்டத்தான் வேணும் போல.


ஒயில்கை

ஆணியை இப்ப புடுங்க வேண்டாம். கடைக்காரருக்கு இடம் காட்டட்டும்.

ஜக் விசயம். 110 ஆயிரம் கிலோ அளவு வரும். முன் மூலையைத் தூக்கேக்க ஜக்கில ஏறத்தாழ 300 கிலோ நிக்கும். காரோட வாற கத்தரி ஜக்கின்ர அடித்தட்டு உள்ளங்கை அளவு, 8க்கு 15 சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டரைக் கிலோ. நனைஞ்ச செம்மண் அதைத் தாங்காது. ஒரு பக்கம் தாழ்ந்து ஜக் சரியும். ஓரடிக்கு ஓரடி, ஒண்டரை அங்குலத் தடிப்பில பலகை வைச்சால் அந்தப் பாரம் சதுர சென்ரிமீற்றருக்கு மூண்டிலொரு கிலோவாய்க் குறையும். பழைய பனஞ்சலாகைத் துண்டு இரண்டை அருகருகாய் ஆணியடிச்சுச் சேர்த்தாலும் நல்லம், அது நசியாது. சீமெந்துக் கல்லை மட்டும் ஜக்குக்குக் கீழ வைக்கப்படாது. உள்ளுக்கு ஓட்டை உள்ள கல் வெடிக்கப் போறன் எண்டு சொல்லாது. ஒரே அடியாய்த் தூளாகும். பலகை நசிஞ்சால் முனகும், பார்த்து விலகலாம்.

கியரை நம்பாதேங்கோ. இதைக் கனபேர் பிழையாய் விளங்கி வைச்சிருக்கினம். 110 முன்சில்லு ஓட்டம். முதலாம் கியரில விட்டால் கார் அசையாது எண்டு நினைப்பம். ஆனால் முன் சில்லு ஒண்டு அந்தரத்தில நிக்கேக்க டிபரென்சல் (இரண்டு சில்லும் வேற வேற வேகத்தில சுத்த விடுற பல்லுப்பெட்டி) அதைச் சும்மா சுத்த விடும், மற்ற முன் சில்லும் உருளும். அப்ப காரைப் பிடிச்சு வைச்சிருக்கிறது பின் சில்லில இருக்கிற ஹான்ட் பிறேக் ஒண்டுதான். 97ஆம் ஆண்டுக் காரில அந்தக் கேபிள் என்ன நிலையில இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? அதால ஹான்ட் பிறேக்கும் போட்டு, கியரிலயும் விட்டு, பின் வலப்பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கல் இறுக்கி வையுங்கோ. இதுக்குச் சீமெந்துக் கல் பறவாயில்லை.

காரின்ர கீழ் விளிம்பில இரண்டு வெட்டு இருக்கும், முன் சில்லுக்குப் பின்னால ஒரு சாண் தூரத்துக்குள்ள. அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில ஜக்கின்ர பிளவு விளிம்பைக் கவ்வ வேணும். துருவைக் கண்ணால பார்த்துக் காணாது. ஸ்க்ரூட்றைவர் பிடியால தட்டிப் பாருங்கோ. கணீரெண்டு கேட்டால் தூக்கலாம். மொத்துச் சத்தம் வந்து பூச்சு செதிலாய் விழுந்தால் அங்க வைக்க வேண்டாம். கொஞ்சம் உள்ளுக்க, முன் கீழ் ஆமின்ர (சில்லை உடம்போட பிடிக்கிற இரும்புக் கை) பின் போல்ட் பூட்டியிருக்கிற தடிச்ச இரும்பில மரத்துண்டு ஒண்டை இடையில குடுத்துத் தூக்குங்கோ. தகடாய் இருக்கிற தரையில, ஒயில் சம்பில, ரை றொட்டில வைக்கவே கூடாது.

உந்தப் போத்தில் ஜக், ஒயில் அமுக்கத்தில உயருற போத்தில் வடிவ ஜக், வைச்சிருக்கிறவைக்கும் ஒரு சொல். அது ஆகத் தாழ்ந்தே கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர் நிக்கும். காத்துப் போன கார் அதுக்குக் கீழ இருக்கும், உள்ளுக்க போகாது. முதலில காத்துப் போன சில்லையே ஒரு பலகையில ஏத்திவிட்டால் இடம் கிடைக்கும். அதின்ர உருண்டைத் தலையை விளிம்பில நேரே வைச்சால் விளிம்பு மடங்கும்.

ஆணி ஏறின ரயரை விடக் காத்து நிறைஞ்ச ரயருக்கு உயரம் கூட வேணும். அதால சில்லு மண்ணை விட்டுக் கிளம்பினவுடன நிப்பாட்டாதேங்கோ, இன்னும் ஏழெட்டுச் சென்ரிமீற்றர் தூக்க வேணும். ஜக் அவ்வளவுக்கு எட்டாட்டில் சில்லுக்குக் கீழ இருக்கிற மண்ணை மண்வெட்டியால கிண்டி எடுங்கோ. முற்றத்தில நிக்கிறதின்ர வசதி அதுதான். ஜக் பலகைக்குக் கிட்டக் கிண்ட வேண்டாம்.


சில்லும்_நட்டும்

இனி நட். தூக்க முதல், சில்லு தரையில அழுந்தி நிக்கேக்கதான் இதைச் செய்ய வேணும்.

எல் ஸ்பனரைத் தூர வையுங்கோ. 110 நட் 21 மில்லிமீற்றர். அரை அங்குலச் சதுரம் உள்ள 21 சொக்கெற், ஆறு மூலை உள்ளது. பன்னிரண்டு மூலைச் சொக்கெற் மழுங்கின நட்டில சுத்தும், வாங்கவே வேண்டாம். அதோட ஒண்டரை, இரண்டு அடி நீளமான பார். சொக்கெற்றைச் சுத்தியலால தட்டி நட்டின்ர அடிமட்டும் ஏத்துங்கோ. பார் நட்டுக்கு இடப்பக்கமாய்க் கிடையாய் நிக்க வேணும், கீழ்நோக்கி அமத்த வேணும். இடப்பக்கம் வைச்சுக் கீழ அமத்தினால் அது கழருற பக்கம். வலப்பக்கம் வைச்சு ஏறி மிதிச்சு இன்னும் இறுக்கினவை கனபேர். குதிக்க வேண்டாம், பாரத்தை மெல்லக் குடுங்கோ. "டக்" எண்டு ஒரு சத்தம் கேட்டால் சரி. கால் சுத்து இளக்கிப் போட்டு நிப்பாட்டுங்கோ, மிச்சம் தூக்கினாப் பிறகு.

அசையாட்டில் ஊடுருவுற ஒயில், டபிள்யூடி 40 மாதிரி ஏதாவது, நட்டும் ஸ்ரட்டும் சேருற இடத்தில அடிச்சு 15 நிமிசம் விட்டு, நட்டின்ர தலையில நேராய் அஞ்சாறு அடி. பிறகு அரை மில்லிமீற்றர் இறுக்குற பக்கம் ஒருக்கால், பிறகு கழட்டுற பக்கம். துரு அப்பிடித்தான் உடையும்.

21 உம் வழுக்கினால் ஒரு வழி இருக்கு. 13/16 அங்குலச் சொக்கெற் எண்டு கேட்டு வாங்குங்கோ. அது 20.6 மில்லிமீற்றர். சுத்தியலால அடிச்சு ஏத்தினால் மழுங்கின மூலையைக் கவ்வும். அந்த நட் பிறகு குப்பைக்குத்தான், சொக்கெற்றுக்குள்ள இருந்து தட்டி எடுக்க வேண்டி வரும். காஸ் சுவாலை பிடிக்கிறன் எண்டு ஆரும் சொன்னால் விடாதேங்கோ. பேறிங் கிரீஸ் உருகும், ரயர் விளிம்பு வேகும்.

இது இப்பிடி இறுகினதுக்குக் காரணம் துரு மட்டும் இல்லை. கடையில எயர் கன்னால, காத்தமுக்கத்தில நட் இறுக்குற கருவியால, அடிச்சு விடுறதுதான். ரொயோட்டா சொல்லுறது 103 நியூட்டன் மீற்றர், பழைய கணக்கில 10.5 கிலோகிராம்-மீற்றர். ஓரடி நீள ஸ்பனர் முனையில 35 கிலோ இழுவை. ஒரு ஆள் கையால நல்லா அமத்தினால் வாற அளவு அவ்வளவுதான், ஏறி நிக்கத் தேவையில்லை. நீங்கள் ஏறி நிண்டும் கழராத நட்டை ஆரும் 10.5இல இறுக்கேல்லை.


மொறிஸ்காரன்

வீடுகளில மொறிஸ் மைனர், ஒஸ்ரின் மாதிரிப் பழைய இங்கிலீஸ் கார் வைச்சிருக்கிறவையும் இதை வாசிப்பினம் எண்டதுக்காக ஒரு குறிப்பு. இந்தத் திரியில உள்ள எல்லாத்தையும் அப்பிடியே எடுக்க வேண்டாம். அந்தக் கார்களில அங்குல நட், மில்லிமீற்றர் சொக்கெற் கிட்டத்தட்டப் பொருந்தி மூலையைச் சாப்பிடும். மைனரின்ர சொந்த ஜக் பக்கத்தில நடுவில செருகுறது, அந்தப் பக்கத்து இரண்டு சில்லையும் ஒண்டாய்த் தூக்கும். அதால மற்றப் பக்கத்துச் சில்லுக்குத்தான் கல். செருகுற அந்த இடம்தான் முதலில உக்குற இடமும். உக்கியிருந்தால் பின் சில்லுக்குப் போத்தில் ஜக்கை இலைவில்லும் அக்சிலும் சேருற தட்டுக்குக் கீழ வையுங்கோ.

பின்சில்லு ஓட்டம் எண்டபடியால் பின் சில்லு தூக்கேக்கதான் கியர் உதவாது. மேல சொன்ன அதே டிபரென்சல் காரணம்.

அதோட, உந்தப் பழைய றிம்முகள் தறைஞ்சு (றிவெற் அடிச்சு) பொருத்தினவை, தறையாணி வழியாய்க் காத்துக் கசியும். ரியூப் இல்லாமல் ரயர் போடச் சொல்லி ஆரும் சொன்னால் கேட்க வேண்டாம்.


ஊரெழு_110

13/16 சொக்கெற் வேலை செய்திட்டுது. நாலு நட்டும் கழண்டு கார் பலகையில தூக்கி நிக்குது. இப்ப நட் ஒண்டும் இல்லை, சில்லு வருதில்லை! ஹப்போட, சில்லுப் பூட்டுற நடுத்தட்டோட, ஒட்டிப் போச்சு. சுத்தியலால பின்பக்கத்தால அடிக்கட்டோ?


ஒயில்கை

அடிக்க வேண்டாம். காருக்குக் கீழ கையை நீட்டிச் சுத்தியல் வீசுறது ஜக் சரியிறதுக்குச் சுகமான வழி.

நல்ல மூண்டு நட்டையும் திரும்பப் போட்டு, கையால முழுக்க இறுக்கி, பிறகு இரண்டு சுத்து இளக்கி விடுங்கோ. நட்டுக்கும் றிம்முக்கும் இடையில மூண்டு மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேணும். காரை முழுக்க இறக்குங்கோ. கல்லுகளை எடுத்து, காரை ஒரு அரை மீற்றர் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளுங்கோ, இடையில பிறேக்கைச் சடாரெண்டு மிதிக்க ஒராள் உள்ளுக்க இருக்கட்டும். காரின்ர சொந்தப் பாரமே துருவை உடைக்கும். உடைஞ்ச சத்தம் கேக்கும். கேட்டதும் நிப்பாட்டி, திரும்பக் கல் வைச்சுத் தூக்குங்கோ. எஞ்சினைப் போட்டு ஓட்ட வேண்டாம், தள்ளினால் காணும்.

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப்பக்கம் ஓடின கார்களில இது வழமை. இரண்டு பக்கமும் கடல், உப்புக் காத்து. ஹப்பின்ர நடு வளையத்திலயும் றிம்மின்ர நடு ஓட்டையிலயும் துரு வளர்ந்து ஒண்டாகிடும்.

சில்லு வந்தாப் பிறகு அதைக் காருக்குக் கீழ, விளிம்புக்கு நேரே படுக்க வையுங்கோ. ஜக் விழுந்தால் கார் அதில விழும், காலில விழாது. ஸ்பெயார் பூட்டினவுடன அதை எடுக்கலாம்.


கிரீஸ்_டின்

ஹப், ஸ்ரட், நட் எல்லாத்துக்கும் கிரீஸ் பூசிவிட்டால் அடுத்த முறை பிரச்சினை இல்லை. பழைய ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் செய்தவை.


சில்லும்_நட்டும்

ஹப்பின்ர நடு வளையத்துக்குப் பூசலாம், விரல் நுனியில எடுக்கிற அளவு. முதலில கம்பிப் பிறஸ்ஸால துருவைத் தேய்ச்சு எடுத்துப் போட்டு. அதுக்கு மேல வேண்டாம்.

றிம்மும் ஹப்பும் முகத்தோட முகம் பொருந்துற தட்டையான இடத்தில பூசினால் பிறேக் பக்கம் வழியும். ஸ்ரட்டில பூசினால் இன்னொரு பிரச்சினை. 35 கிலோ இழுவை எண்டது காய்ஞ்ச மறைக்கு (திருகுப் புரிக்கு) சொன்ன கணக்கு. இழுவையில கனபங்கு உராய்விலதான் போகும், கொஞ்சம்தான் ஸ்ரட்டை இழுக்கும். கிரீஸ் உராய்வைக் குறைச்சால் அதே 35 கிலோவுக்கு ஸ்ரட் கூட இழுபடும். இருபத்தைஞ்சு வருசத்து ஸ்ரட் அப்பிடி இழுபட்டு நீளும், பிறகு நட் தானாய் இளகின மாதிரி இருக்கும். நட்டின்ர கூம்பு முகத்தில கிரீஸ் பட்டால் இன்னும் மோசம். ரொயோட்டாவின்ர கைநூலிலயே நட்டிலயும் போல்ட்டிலயும் ஒயிலோ கிரீஸோ படக்கூடாது எண்டுதான் இருக்கு.

இப்ப ஊடுருவுற ஒயில் அடிச்ச ஸ்ரட்டையும் பழந்துணியால வடிவாய்த் துடைச்சுப் போட்டுத்தான் நட் போட வேணும்.


கிரீஸ்_டின்

உப்புப் பக்கத்தில ஒண்டும் பூசாமல் விட்டால் அடுத்த முறையும் 13/16 தான் தேட வேணும். நான் ஸ்ரட் நுனியில ஒரு பொட்டுத்தான் சொன்னன்.


சில்லும்_நட்டும்

முதலில சொன்னது "எல்லாத்துக்கும்." சரி, விடுவம். ஆறு மாசத்துக்கு ஒருக்கால் நட்டைக் கழட்டித் துடைச்சுப் பூட்டினால் பொட்டும் தேவையில்லை.


ஊரெழு_110

நீங்கள் சொன்ன மாதிரித் தள்ளினதில சில்லு வந்திட்டுது. இப்ப ஸ்பெயார். 13 அங்குலம், நாலு ஓட்டை, ரயர் 165/80 ஆர் 13. அதில ஒரு நட்டும் கொழுவிக் கிடக்கு. மழுங்கின நட்டுக்குப் பதிலாய் அதைப் போடலாமோ?


சில்லும்_நட்டும்

பூட்ட முதல் அடிமட்டம் எடுங்கோ.

எதிரெதிரான இரண்டு ஓட்டை. ஒண்டின்ர இடது விளிம்பில இருந்து மற்றதின்ர இடது விளிம்பு மட்டும் அளவுங்கோ. 110க்கு 100 மில்லிமீற்றர் வர வேணும். 114 வந்தால் அது பூட்டேலாது, ஒரு மூலையில பிடிச்ச மாதிரித் தெரிஞ்சாலும் பூட்டேலாது. பேரும் கொரோலாதானே எண்டு பழைய கொரோலா கேஈ 70 றிம்மைத் தருவினம், அது 114.3.

பிறகு நடு ஓட்டை. ரொயோட்டா 54, நிசான் நாலு ஓட்டைக்காரர் 59 அல்லது 60. 59 வந்தால் ஹப்பில அஞ்சு மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கும். நட்டின்ர கூம்புதான் சில்லை நடுவுக்குக் கொண்டு வரும். மெதுவாய்க் கடை மட்டும் ஓட அது காணும், ஆனையிறவு தாண்டித் தூரப் போறதுக்கில்லை. 54இலும் சின்னன் எண்டால் ஹப்பில ஏறவே ஏறாது.

அந்த ஒற்றை நட்டைப் பற்றி: றிம் நிசானுடையது எண்டால் நட்டும் நிசானுடையதாய் இருக்கலாம். இரண்டும் 12 மில்லிமீற்றர், இரண்டுக்கும் 21 சொக்கெற், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ரொயோட்டா மறையின்ர இடைவெளி 1.5 மில்லிமீற்றர், நிசான் 1.25. பிழையான நட் கையால ஒண்டு ஒண்டரைச் சுத்துப் போய் இறுகும். அங்க ஸ்பனரைப் போட்டால் ஸ்ரட்டின்ர மறை போச்சு. எந்த நட்டையும் கையால அஞ்சு சுத்துப் போன பிறகுதான் ஸ்பனர் எடுக்க வேணும். உந்த ஒரு பழக்கம் காணும், முக்கால்வாசி ஸ்ரட் தப்பும்.

பொருந்தாட்டில் மூண்டு நட்டோட மெதுவாய்க் கடைக்குப் போகலாம், 30 தாண்ட வேண்டாம், நேரே ரயர் கடைக்குத்தான்.

நட்டின்ர கூம்புப் பக்கம் உள்ளுக்க, றிம்மைப் பார்த்து இருக்க வேணும். தட்டைப் பக்கத்தை உள்ளுக்க போட்டு ஓடின கார்கள் இருக்கு, அதுகளின்ர றிம் ஓட்டை முட்டை வடிவத்தில தேய்ஞ்சு கிடக்கும்.


ஒயில்கை

இன்னொண்டு. 13 அங்குல றிம் பூட்டினவுடன காரை இறக்க முதல் சில்லைக் கையால ஒரு முழுச் சுத்துச் சுத்துங்கோ. முன் பிறேக் கலிப்பரில (பிறேக் கட்டையைப் பிடிக்கிற பாகம்) றிம் உரஞ்சினால் "கர்" எண்டு கேக்கும். கேட்டால் அந்த றிம் முன்னுக்கு இல்லை. அப்ப நல்ல பின் சில்லு ஒண்டை முன்னுக்குக் கொண்டு வந்து, 13ஐப் பின்னுக்குப் போட வேணும். இரண்டு தரம் ஜக் அடிக்கிறது அலுப்புத்தான்.

165/80 ஆர் 13 ரயர் விட்டத்தில உங்கட 14ஐ விடப் பதினொரு மில்லிமீற்றர் பெரிசு, இரண்டு வீதத்துக்குக் கிட்ட. கடை மட்டும் ஓட ஒண்டும் நடவாது. முன்னுக்குக் கிழமைக்கணக்காய் ஓடினால் டிபரென்சலுக்குள்ள இருக்கிற சின்னப் பல்லுகள் நேர் றோட்டிலயும் ஓய்வில்லாமல் சுத்திக் கொண்டிருக்கும்.

பூட்டுற ஒழுங்கு: கையால நாலும், பிறகு ஸ்பனரால மெல்ல, ஒண்டுக்கு எதிர் ஒண்டாய். ரயர் மண்ணைத் தொட்டு உருளாத அளவுக்கு இறக்கி, பிறகு முழு இறுக்கம், அதே எதிரெதிராய். பக்கத்துப் பக்கமாய் இறுக்கினால் றிம் ஒரு பக்கம் சாய்ஞ்சு அமரும். இருபது கிலோமீற்றர் ஓடினவுடன நாலு நட்டையும் திரும்ப ஒருக்கால் இறுக்கியே ஆக வேணும், துரு துடைச்ச இடம் அமர்ந்து இறுக்கம் கொஞ்சம் போகும்.


ஊரெழு_110

100 உம் 54 உம் வந்தது. நட் நிசானுடையது போல, ஒண்டரைச் சுத்தில நிண்டிட்டுது, போடேல்லை. மூண்டு நட்டில கலிப்பர் தட்டாமல் சுத்துது. ஸ்பெயாரில காத்து 12 தான் இருந்தது, 32 அடிச்சாச்சு. ரயர் பக்கத்தில நாலு இலக்கம் 2209 எண்டு கிடக்கு. கடைக்காரர் பழைய ரயரைக் கழட்டாமல் வெளியால ரப்பர் நூல் செருகித் தாறன் எண்டு போனில சொல்லுறார். சரியோ?


சில்லும்_நட்டும்

2209 எண்டால் 2009ஆம் ஆண்டு 22ஆவது கிழமையில செய்தது. டிக்கிக்குள்ள வெயில் படேல்லை, ஓடுற முகத்தில கட்டை தேயாமல் இருக்கு எண்டு பார்க்க வேண்டாம். ரப்பர் காய்ஞ்சிருக்கும், பக்கத்தை நகத்தால மடிச்சுப் பாருங்கோ, மயிர்க்கோடு தெரியும். கடை மட்டும் போய் வாறதோட அதை விடுங்கோ. மாத்தேக்க 14 அங்குல றிம் ஒண்டே தேடுங்கோ.

நூலைப் பற்றி: கழட்டித்தான் பார்க்க வேணும். றிம்மோட இரவு முழுக்க நிண்ட ரயர், அதுக்கு முதல் எவ்வளவு தூரம் குறைஞ்ச காத்தில ஓடினது எண்டு தெரியாது. கழட்டினாப் பிறகு உள்பக்கச் சுவரைச் சுத்தி விரலால தடவுங்கோ. விரலில கரித்தூள் மாதிரிக் கறுப்புத் தூள் ஒட்டினால் சுவர் உள்ளுக்க அரைபட்டிட்டுது. அதுக்கு எந்த ஒட்டும் இல்லை. தூள் இல்லாமல், ஓட்டை ஆறு மில்லிமீற்றருக்குள்ள, ஓடுற முகத்தில எண்டால் உள்ளுக்கால ஒட்டுப் போடச் சொல்லுங்கோ. நடுவில இருந்து நாலு விரல் எண்டு சொன்னியள். 175 ரயரில அது தோள்பக்கத்துக்கு, ஓடுற முகமும் பக்கச் சுவரும் சேருற ஓரத்துக்கு, கிட்ட வருது. தோளில எண்டால் ஒட்டு நிக்காது, ஓடேக்க அந்த இடம்தான் கூட மடங்குறது.

கடையில திரும்பப் பூட்டேக்க எயர் கன்னால அடிக்க வேண்டாம், கைஸ்பனரால இறுக்குங்கோ எண்டு முதலே சொல்லுங்கோ. வாலாயமாய்க் கை எயர் கன்னுக்குத்தான் போகும், பக்கத்தில நிண்டு பாருங்கோ. புது நட் வாங்கப் போகேக்க கழட்டின நல்ல நட் ஒண்டைப் பையில கொண்டு போய், கடைக்காரரிட்ட 1.5 மறை எண்டு கேட்டு, இரண்டு நட்டையும் ஒரே போல்ட்டில சுத்திப் பார்த்து வாங்குங்கோ. நாலையும் ஒண்டாய் மாத்தினால் இன்னும் நல்லம்.


ஊரெழு_110

கழட்டினது. தூள் இல்லை. நாலு விரல் எண்டது என்ர பிழை, ஓட்டை தோளுக்கு ஒண்டரை விரல் உள்ளுக்க. உள்ளொட்டுப் போட்டாச்சு, வால்வும் மாத்தினது. நட் நாலு புதிசு.


ஒயில்கை

இருபதாவது கிலோமீற்றரில ஸ்பனரை எடுங்கோ.